விமான தூரம் அளந்த கதை

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போக எது குறுக்குவழி? சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைக் கேட்டால் இந்தியா, அரபு நாடுகள், அட்லாண்டிக் பெருங்கடல் என்று மேற்கே கோடு போட்டுக் காட்டும். அதை நம்பாதீர்கள். பூமி உருண்டை ஒன்றை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் நேராக வடக்கே ஏறி, வட துருவத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு மறுபக்கம் இறங்கும். நீளம் சுமார் 15,340 கிலோமீட்டர். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்பது இந்த நூலின் நீளம்தான். பெருவட்டத் தூரம் என்பார்கள்.

நூல் இருக்கட்டும், அந்த உருண்டையின் அளவை யார் சொன்னது? பல நாட்டார் அளந்தார்கள். அதில் ஒரு பெரும்பங்கு சென்னையில் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 100 அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டினார். இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான்! சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், ஏற்கப்படாமல் திரும்பிய சங்கிலி அது. வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? அதனால் மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள். சுமார் 12 கிலோமீட்டரை அளக்க, ஏறத்தாழ 400 முறை சங்கிலியை நகர்த்தி, 57 நாள் உழைத்தார்கள். மரப்பெட்டி சுமந்தவர்களை யார் நினைக்கிறோம்? லாம்டனையே மறந்துவிட்டோம். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர்தான் மலையில் ஏறிக்கொண்டது.

பூமி சரியான பந்து அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்திய அளவைகளைக் கொண்டு 1830-இல் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவம், சிறு மாற்றங்களோடு மலாயாவின் நில வரைபடங்களுக்கும் அடிப்படையானது. பரங்கிமலைச் சங்கிலி நம் ஊர் வரைக்கும் நீண்டது என்றே சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நாடும் தனக்குப் பொருந்திய வடிவத்தை வைத்துக்கொண்டது. ஒரே இடத்துக்கு இரு நாட்டு வரைபடங்கள் தந்த நிலைகள் சில நூறு மீட்டர்கூட வேறுபட்டன. தாளில் அது பெரிதில்லை. மேகத்துக்குள் ஓடுபாதையைத் தேடும் விமானிக்கோ உயிர்ப் பிரச்சினை. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1998 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் ஒரே பூமி அளவை விதியாக்கியது. சிப்பாங் விமான நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

ஆனாலும் எந்த விமானமும் நூல் பிடித்தாற்போல் பறப்பதில்லை. காற்று, புயல், போர் எல்லாம் பாதையைத் திருப்பும். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு 9 மணி நேரமாக இருந்த பயணம் சுமார் 13 மணி நேரமானது. பெருவட்டத் தூரம் மட்டும் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

இந்தக் கற்பனைக் கோடு பயணியின் பணப்பையையும் தொடுகிறது. ஐரோப்பாவில் விமானம் மிகவும் தாமதமானால் இழப்பீடு உண்டு. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் போனால் 400. ரோமிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஹம்பர்க் சென்ற பயணிகள், தாங்கள் பறந்தது 1,656 கிலோமீட்டர் என்று வழக்காடினார்கள். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ரோமுக்கும் ஹம்பர்க்குக்கும் இடையே நூலைப் பிடித்துப் பார்த்தது. 1,326 கிலோமீட்டர்தான். 250 யூரோ போதும் என்று தீர்ப்பானது.