லாப்ரியாவின் கருங்காய்ச்சல்

பிரேஸில் நாட்டின் அமேஸான் பெருங்காட்டினூடே பூருஸ் என்னும் ஆறு வளைந்து வளைந்து செல்கிறது. அதன் கரையிலுள்ள லாப்ரியா என்ற சிற்றூரின் பெயர், துரதிர்ஷ்டவசமாக, ஒரு நோயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் ஜுரமும் அயர்ச்சியும், பின்பு கண்கள் மஞ்சளாகும், கரிய வாந்தி எடுக்கும், பிதற்றல் தொடங்கும். ஒரு வாரத்திற்குள் உயிர் பிரிவதும் உண்டு. மாண்டவருள் சிறுவரும் இளைஞருமே மிகுதி.

இக்காட்டில் குடியேறியவர் பலர், 1877-ஆம் ஆண்டு தொடங்கிய கொடும் பஞ்சத்தில் ஸெயாரா மாகாணத்தைத் துறந்து, ரப்பர்ப் பால் வடிக்க வந்த ஏழைகளின் வழியினர். (மலாயாத் தோட்டங்களில் நம்மவர் பால் வடித்த மரங்களும், 1876-இல் விக்ஹாம் இதே அமேஸானிலிருந்து கொண்டுசென்ற விதைகளின் சந்ததியே.) ஆற்றோரக் குடிசைகளுக்கு மருத்துவர் எங்கே? படகுதான் வழி, படகோ நாட்கணக்கில் செல்லும்.

நெடுங்காலம் இது மஞ்சள் காய்ச்சலாகவே கருதப்பட்டது. காய்ச்சலால் சடுதியில் இறந்தவரின் ஈரலில் சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் ஏற்பாடு 1930-களில் அந்நாட்டில் இருந்தது. அத்துண்டுகளை உருப்பெருக்கியில் நோக்கிய அறிஞர்கள், சிலவற்றில் கண்ட சிதைவு மஞ்சள் காய்ச்சலுடையதன்று என உணர்ந்தனர். எனினும் காரணம் பிடிபடவில்லை.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1977-இல் இத்தாலியின் டூரின் நகரில் மாரியோ ரிஸெட்டோ என்பவர், ஹெப்படைட்டிஸ் பி நோயாளிகளின் ஈரலில் புதியதொரு பொருளைக் கண்டார். அதுவே டெல்டா வைரஸ் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இது விந்தையான கிருமி. புல்லுருவி மரத்தை அண்டி வாழ்வதுபோல், பி வைரஸின் மேலுறையை இரவல் வாங்கியே பரவும். பி இல்லாத உடலில் வேரூன்றாது. 1979 முதல் 1981 வரை வெனிஸுவேலாவின் யுக்பா பழங்குடியினரிடையே பரவியபோது 149 பேர் நோயுற்று, 34 பேர் மாண்டனர். லாப்ரியாக் காய்ச்சலும் இதன் கைவரிசையே என்பதை, ஜில்பெர்த்தா பென்ஸபாத் முதலானோர் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நிறுவியது.

டெல்டாவுக்கெனத் தனித் தடுப்பூசி இல்லை. ஆயினும் பி-யைத் தடுத்தால் டெல்டா நிற்க இடமின்றிப் போகும். ஆகவே குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடவேண்டும். மருந்தையோ இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் காக்கவேண்டும். வெயில் கொளுத்தும் ஆற்றில், பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து செல்லும் சுகாதார ஊழியரின் பாடு சொல்லி மாளாது. ஊசி முறையாகச் சென்ற ஊர்களில் புதிய நோயாளிகள் குறைந்தனர். முன்பே கிருமியைச் சுமப்பவருக்கு இன்டர்பெரான் மருந்தை ஓராண்டளவு ஏற்றினும் சிலருக்கே பயன் கிட்டுகிறது. 2020-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற புலெவிர்டைடு என்னும் புதிய மருந்தோ நாள்தோறும் ஊசியாக ஏற்றவேண்டியது. விலையும் மிக அதிகம்.