அச்சுப்பொறியும் அந்நியர் ஆட்சியும்

ஐரோப்பியர் ஆட்சியால் ஈழத்துத் தமிழ்மக்கள் எய்தியது ஆக்கமோ கேடோ என்னும் ஆராய்ச்சி எழுந்துழியெல்லாம், ஆக்கமென்பார் முதற்கண் எடுத்துக்காட்டுவது அச்சுப்பொறியையே. ஏட்டுச்சுவடிகளிற் கிடந்த அருமை நூல்கள் அதனாற் பிழைத்தன என்பர். பொறியாற் பிழைத்தன என்பது மெய்யே. ஆட்சியாற் பிழைத்தனவோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578-ஆம் ஆண்டு. அச்சிட்டோர் போர்த்துக்கேயர் ஆதரவுபெற்ற பாதிரிமார். அதற்கு 43 ஆண்டின் பின்னர், 1621-இல், அப்போர்த்துக்கேயரின் படைத்தலைவனாகிய ஒலிவேறா யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். ஒரு கையில் அச்செழுத்தும் மறுகையிற் கடப்பாரையும் கொண்டு வந்தாரை என்னென்பது! 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஒல்லாந்தரும் பின்னர்க் கொழும்பில் அச்சுக்கூடம் அமைத்தனர். அது சைவர்க்குப் பயன்பட்டிலது. வெளிப்படையாக வழிபாடு செய்தற்கே அவராட்சியில் நெடுங்காலம் தடையிருந்தது.

ஆங்கிலர் 1795-இல் வந்தனர். அவர் கோயில்களை இடித்திலர். ஆயினும், அமெரிக்க மிஷனார் 1820-இல் கேரட் என்னும் அச்சாளரை யாழ்ப்பாணத்திற்கு அனுப்பியபோது, அவர் அங்குத் தங்கலாகாதென்று இலங்கை அரசாங்கமே கட்டளையிட்டது. பொறியை நல்கியதெனப் புகழப்படும் அரசு, பொறியியக்க வந்தவரைத் திருப்பியனுப்பிய அரசே. சென்னையிலோ, அச்சுக்கூடங்களின்மேலிருந்த கட்டுப்பாடுகளைக் கும்பினியார் நீக்கியது 1835-இல். தாமிட்ட தளையைத் தாமே அவிழ்த்தமை கொடையாமோ?

அதன் பின்னரே நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. வண்ணார்பண்ணையில் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரவர்கள், மறுவருடம் சென்னை சென்று தம் பொருளால் அச்சியந்திரம் வாங்கி வந்தார்கள். (திருவாவடுதுறை ஆதீனத்தார் 'நாவலர்' என்னும் பட்டம் அளித்ததும் அச்செலவின்போதே.) ஆள்வோர் சமயத்தை மறுத்து அவர்கள் எழுதிய 'சைவ தூஷண பரிகாரம்' 1854-இல் வெளிவந்தது, அதனை ஆங்கிலர் தடுத்திலர். போர்த்துக்கேயர் காலத்திற் கனவினும் நிகழாதது இது. ஆங்கிலராட்சியின் நன்மையென்று யாம் ஒப்புவது இத்தடாமையையே.

தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையை அச்சேற்றியது 1887-இல். கொல்லத்து அச்சிற்கும் அதற்கும் இடையே 309 ஆண்டுகள். அவ்விடைக்காலத்துச் செல்லரித்த ஏடுகளின் பழி முழுவதையும் அந்நியர்மேற் சுமத்துதலும் நேர்மையன்று. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடுத்த நம்மவர் பங்கும் அதனுட் சிறிதன்று.