கூண்டு வண்டியின் வாரிசு

மோட்டார் வண்டியின் பெருமையை அதன் வேகத்தைக் கொண்டு அளக்கிறவர்கள் உண்டு. குடும்பஸ்தனோ முதலில் வேறொன்று கேட்கிறான்: "எத்தனை பேர் ஏறலாம்?" வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் பதில் சொல்லி வந்தது கூண்டு வண்டி. வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துவிட்டால் பாட்டி முதல் பேரன் வரை அதில் அடக்கம். கட்டுச்சோற்று மூட்டைக்கும் ஓர் இடம் உண்டு.

மேல்நாட்டிலும் இதே தேவை இருந்தது. ரயிலை விட்டு இறங்குகிறவர்களையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிச் செல்ல அமெரிக்காவில் ஏற்பட்ட வண்டிதான் 'ஸ்டேஷன் வாகன்'. பிரெஞ்சுக்காரர்கள் 'பிரேக்' என்றார்கள். அது ஆங்கிலேயரின் குதிரை வண்டி ஒன்றிலிருந்து வந்த பெயர். மூன்று வரிசை ஆசனம் வைத்த வகைக்கு அவர்கள் இட்ட பெயர் இன்னும் பொருத்தமானது: 'ஃபமிலியால்', அதாவது குடும்ப வண்டி.

இந்த வகையில் பேர்பெற்றது பெஜோ கம்பெனி. மோட்டார் செய்வதற்கு முன் ரம்பமும் காப்பிக் கொட்டை அரைக்கும் யந்திரமும் செய்த கம்பெனி அது. அதன் 203 மாடல் 1948இல் வந்தது. 404 மாடல் 1960இல் வந்தது. 404இன் சாதாரணக் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.65 மீட்டர்; குடும்ப வண்டியில் அதை 2.84 மீட்டராக நீட்டினார்கள். கூடுதலாக வந்தது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த இடத்தில்தான் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். அழகு வண்டி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் கரடுமுரடான பாதைகளில் நடந்த ஸஃபாரிப் பந்தயத்தில் 404 கார் நான்கு முறை முதலாவதாக வந்திருக்கிறது.

பிரெஞ்சு வண்டிக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சந்தா சாகிப் 1749இல் வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலமாக அமையவில்லை. இடையிடையே அடுத்த சீமையின் கிராமங்கள். சுங்க ஒப்பந்தம் 1949இல் முடிந்தபின் இந்த எல்லைகளில் சோதனை பலத்தது. பின்புறம் விசாலமான வண்டி எது வந்திருந்தாலும், அதற்கு நடந்த சோதனையும் விசாலமாகத்தான் இருந்திருக்கும்! வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதியோடு பிரெஞ்சு நிர்வாகம் முடிந்தது. இன்று அந்த எல்லைகளைக் கடப்பவர்கள் கடந்ததையே கவனிப்பதில்லை.

இப்போது பழைய வண்டிக்கு வேறு வகை எல்லை வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் ரூ.40,000 கட்டணம். 2025இல், 20 ஆண்டு தாண்டியதற்கு அது ரூ.80,000 ஆயிற்று. இன்னொரு வழியும் உண்டு. 50 ஆண்டு கடந்து, உருமாறாமல் இருக்கும் வண்டியைப் புராதன வண்டியாகப் பதியலாம் என்று 2021இல் விதி வந்தது, கட்டணம் ரூ.20,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாம். எண்ணெய் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். அன்றாடக் காரியத்துக்கு ஓட்டக் கூடாது.

புகையையும் பாதுகாப்பையும் சர்க்கார் கவனிப்பது நியாயமே. பந்தயக் காருக்கும் ராஜாக்களின் காருக்கும் இந்த விதி சரி. அவை பார்ப்பதற்கென்றே இருப்பவை. குடும்ப வண்டியின் அழகு மட்டும் ஆட்கள் ஏறினால்தான் தெரியும். பின்வரிசையில் குழந்தைகள் சண்டையிடாத 'ஃபமிலியால்' வெறும் நீளமான இரும்புப் பெட்டி.

வில்லியனூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருக்காமீஸ்வரர் கோயில் தேரின் வடத்தைப் பிரெஞ்சு கவர்னர்கள் பிடித்து இழுத்தார்கள்; இப்போது துணைநிலை ஆளுநர்கள் இழுக்கிறார்கள். வருஷந்தோறும் இழுக்க வேண்டியிருப்பதால்தான் வருஷந்தோறும் சக்கரத்தையும் அச்சையும் தச்சர் தட்டிப் பார்க்கிறார். கொட்டகையில் நிற்கும் தேரை யார் தட்டிப் பார்ப்பார்?

பழைய குடும்ப வண்டிக்கும் இந்தச் சலுகை வேண்டும். பிரேக்கும் புகையும் பரிசோதனையில் தேறினால், மாதத்தில் நாலு நாள், பொங்கல் தீபாவளி உட்பட, வீட்டாரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகலாம் என்று ஒரு விதி போதும். பாகூர் ஏரிக்கரையோரம் அது மெதுவாகப் போகட்டும். பின்னால் வருகிறவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.