குமிழி நின்னா பீர் ரெடியா?

இன்னைக்கு எபிசோடை வெடிக்கிற பாட்டில்ல இருந்து ஆரம்பிப்போம்.

பீரை பாட்டில்ல அடைக்கும்போது நுரைக்காக கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பாங்க. உள்ளே இருக்கிற ஈஸ்ட் அதைத் தின்னு கார்பன் டை ஆக்சைடு விடும். ஒரு லிட்டர் பீருக்கு 4 கிராம் சர்க்கரைன்னா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வாயு. பழைய சர்க்கரை எல்லாம் ஏற்கெனவே தீர்ந்துடுச்சுங்கிற நம்பிக்கையிலதான் இந்தக் கணக்கு. தீரலைன்னா? வாயு போக வழியில்லை, கண்ணாடி தாங்காது.

சரி, தீர்ந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? குமிழி நின்னா முடிஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா ராத்திரி குளிர்ல ஈஸ்ட் சோர்ந்து போனாலும் குமிழி நிக்கும். மூடி சரியா பொருந்தலைன்னா வாயு வேற பக்கமா கசியும். முடிஞ்சுபோன பீர்லகூட, வெயில் ஏறினா கரைஞ்சிருந்த வாயு குமிழியா வரும். லாக்ல எதுவும் வரலைங்கிறதுக்காக ஜாப் முடிஞ்சதுன்னு நாம சொல்ல மாட்டோம் இல்லையா, அந்தக் கதைதான்.

நம்பகமானது ஒப்படர்த்தி. சர்க்கரை கரைஞ்ச தண்ணி கனம், ஆல்கஹால் லேசு. அதனால நொதிக்க நொதிக்க அடர்த்தி இறங்கும். 1.045-ல ஆரம்பிச்ச பீர் 1.010 பக்கத்துல வந்து நிக்கலாம். அதைக் காட்டுறதுதான் ஹைட்ரோமீட்டர்: அடியில குண்டு, மேல அளவு கோடு போட்ட ஒரு மிதக்கும் குழாய்.

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல பீர் காய்ச்சுறவங்க நுரையையும் நாக்கையும்தான் நம்பினாங்க. ஹாம்ப்ஷயர்ல ஆல்டன்ங்கிற ஊர்ல ஜேம்ஸ் பேவர்ஸ்டாக்னு ஒரு இளைஞர், 1768 வாக்குல ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கினார். அப்பாவுக்கு இந்தப் புதுப் பழக்கமே பிடிக்காது. அதனால மறைச்சு வெச்சுத்தான் சோதனை பண்ணினார். லண்டன்ல பெரிய முதலாளி சாமுவேல் விட்பிரெட்கிட்ட கொண்டு போய்க் காட்டினப்போ, இதெல்லாம் வீண் கற்பனைங்கிற மாதிரி திருப்பி அனுப்பிட்டார். இன்னொரு முதலாளி ஹென்றி த்ரேல்தான் அதை எடுத்துக்கிட்டார். 1784-ல ஜான் ரிச்சர்ட்சன் இதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார்.

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்: முதலாளிகளை மசிய வெச்ச கேள்வி, பீர் நொதிச்சு முடிஞ்சதாங்கிறது இல்லை. என் காசுக்கு எவ்வளவு சர்க்கரை கிடைக்குதுங்கிறது! விலை கம்மின்னு வாங்கின பழுப்பு மால்ட், வெளிர் மால்ட்டைவிட ரொம்பக் குறைவாத்தான் சர்க்கரை தருதுன்னு கருவி காட்டிடுச்சு. லண்டனோட புகழ்பெற்ற போர்ட்டர் பீரோட கலவையே அதுக்கப்புறம் மாறிப்போச்சு.

மறுத்த விட்பிரெட்டோட கம்பெனிக்கு 1871-ல லூயி பாஸ்டர் வந்தார். அவங்க ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்புல பார்த்து, கெட்டுப்போயிருக்குன்னு சொன்னார். ஒரு வாரத்துக்குள்ள கம்பெனி மைக்ராஸ்கோப் வாங்கிடுச்சு. தாத்தா காலத்துக்கு இது தேவலாம்.

அப்புறம் அரசாங்கத்தோட கண் பட்டுச்சு. 1880-ல கிளாட்ஸ்டன், மால்ட் மேல இருந்த வரியை எடுத்துட்டு, நொதிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற சாறோட அடர்த்திக்கு வரி போட்டார். ஒளிச்சு வெச்ச கருவி இப்ப வரி அதிகாரி கையில. வீட்டுல காய்ச்சுறவங்களும் லைசென்ஸ் எடுக்கணும்னு ஆச்சு. அது போனது 1963-லதான். அதுக்கப்புறம்தான் பிரிட்டன்ல வீட்டு பீர் பொழுதுபோக்கா பரவுச்சு. நம்ம தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு, லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா குற்றம். அதனால அடுத்தது, சட்டம் அனுமதிக்கிற நாட்டுல இருந்து கேக்கிறவங்களுக்கு மட்டும்.

ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு அளந்து பாருங்க. எண் மாறாம இருக்கணும். அதோட, உங்க ரெசிபி சொல்ற எண்ணுக்குப் பக்கத்துலயும் இருக்கணும். 1.025-லயே அசையாம நின்னா அது முடிவு இல்லை, ஈஸ்ட் பாதியில சிக்கியிருக்கு; கொஞ்சம் சூடான இடத்துக்கு மாத்தி காத்திருங்க. ஹைட்ரோமீட்டரை ஒரு சுத்து சுத்தி விடுங்க, ஒட்டியிருக்கிற குமிழி அதைத் தூக்கிக் காட்டும். அளந்த பீரைத் திரும்ப உள்ளே ஊத்தாதீங்க, கிருமி போகும். ருசி பார்த்துடுங்க.