பஞ்ச காலத்துக் கீரையும் நட்சத்திர விருந்தும்

இந்த வாரக் கருத்துக்களத்தில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாப்பாடு. சமையல் குறிப்பு சொல்லப் போகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது சாப்பாட்டின் சரித்திரம்.

2015ஆம் ஆண்டில் ஷா ஆலம், கிளன்மேரியில் ஒரு கல்லூரி வளாகத்தில் 'டேவாக்கான்' என்னும் உணவகம் தொடங்கப்பட்டது. 'டேவா', 'மாக்கான்' என்ற இரண்டு மலாய்ச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. தேவர் உணவு என்று நாம் பொருள் கொள்ளலாம். சமையல் வல்லுநர் டேரன் தியோவின் தலைமையில் இயங்கிய அந்த உணவகம், பின்னர் கோலாலம்பூரில் ஒரு கோபுரத்தின் 48ஆவது மாடிக்கு இடம் மாறியது. 2019இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டுக்கான மிஷலின் வழிகாட்டியில் 2 நட்சத்திரங்களைப் பெற்றது. இந்நாட்டில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் உணவகம் அதுதான்.

அங்கே போய், "எனக்கு இது வேண்டும், அது வேண்டாம்" என்று கேட்டு வாங்க முடியாது. சின்னச் சின்னத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பதார்த்தங்கள் வரும். இந்த மண்ணின் காடும் கடலும் அந்தந்தப் பருவத்தில் எதைக் கொடுக்கின்றனவோ, அதை வைத்துத்தான் விருந்து. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 2003இல் தொடங்கப்பட்ட 'நோமா' உணவகம் உலகெங்கும் பரப்பிய பாணி இது. ஒருவர் ஒரு வேளை சாப்பிடப் பல நூறு வெள்ளி ஆகும்.

இதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பட்டியல் இல்லாத சாப்பாடு நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதா?

பருவம் பார்த்து எரிந்த அடுப்பு

நெகிரி செம்பிலானில் லிங்கி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். பால் குறைந்தால் வருமானமும் குறையும். அந்த நாட்களில் குழம்பில் என்ன இருக்கும் என்பதை ஓடையோரமும் வேலியோரமும்தான் முடிவு செய்யும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளி பயிர் செய்துகொள்ள ஓர் ஏக்கரில் 16இல் 1 பங்கு நிலத்தைத் தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்றது. அந்தத் துண்டு நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் பூசணியும் வளர்ந்தன. அவை நாம் ஊரிலிருந்து பழகி வந்தவை. ஆனால் ஓடையோரத்துப் பூச்சோக் பாக்குக் கீரையையும், காட்டோரத்துப் பெத்தாயையும், மரவள்ளிக் கொழுந்தை இடித்துத் தேங்காய்ப் பாலில் சமைக்கும் பக்குவத்தையும் நமக்குச் சொல்லித் தந்தவர்கள் யார்? பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்களும், இம்மாநிலத்தின் பூர்வக்குடிகளான தெமுவான் மக்களும்தாம். இந்த நன்றியை நாம் மறந்துவிடக் கூடாது.

ஜப்பான்காரன் காலம்

போருக்கு முன்பு மலாயா தனக்குத் தேவையான அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்தே வாங்கியது. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் கப்பலில் வந்தால்தான் லயத்தில் உலை கொதிக்கும். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்தது. கப்பல் நின்றது. ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் தின்று உயிர் பிடித்தார்கள். அப்போது என் பாட்டி பத்து வயதுச் சிறுமி. அந்த நாட்களுக்குப் பிறகு சாகும்வரை அவர் மரவள்ளியைத் தட்டில் வைக்க விடவில்லை.

மண்ணையும் காட்டையும் அறியாதவர் கதி என்ன ஆகும் என்பதற்கும் நெகிரி செம்பிலானிலேயே சாட்சி உண்டு. சிங்கப்பூரில் உணவுப் பற்றாக்குறை முற்றியதால், 1943இன் இறுதியிலிருந்து யுரேசியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் பகாவ் காட்டுக்கு அனுப்பப்பட்டனர். காட்டை வெட்டி, பயிர் செய்து, தங்கள் உணவைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களோ நகரவாசிகள். மலேரியாவும் பட்டினியும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு போயின. அவர்களை வழிநடத்திச் சென்ற ஆயர் டெவால்சும் 1945இல் இறந்தார். அந்தக் காட்டில் உண்ணத்தக்கவை இல்லாமல் போகவில்லை. எது உணவு, எது நஞ்சு என்று அறிவது நகரவாசிகளுக்கு எளிதல்ல.

நஞ்சும் நாவும்

இந்த அறிவு சாதாரணமானதா? 'கெப்பாயாங்' என்னும் காட்டுக் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அதில் சயனைடு நஞ்சு இருக்கிறது. அதை வேகவைத்து, வாரக்கணக்கில் சாம்பலில் புதைப்பது போன்ற பக்குவங்களால் நஞ்சை நீக்கினால்தான் கறிக்கு உதவும். 'மாபுக் கெப்பாயாங்' என்று மலாய்க்காரர்கள் மயக்கத்துக்குச் சொல்லும் வழக்கு இந்தக் கொட்டையிலிருந்து வந்ததுதான். காட்டில் ஆண்டுக்கு ஒரு பருவம் உதிரும் 'பெரா' விதையும் அப்படித்தான், சமைக்காமல் தின்னக் கூடாது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பெரா, ரப்பர், மரவள்ளி ஆகிய மூன்றும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரா இந்த மண்ணின் பிள்ளை. மற்ற இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பெரா நின்ற காட்டை அழித்து அதன் ஒன்றுவிட்ட சகோதரனான ரப்பரை நட்டார்கள். அந்த ரப்பருக்குப் பால் வெட்ட நம்மைக் கொண்டுவந்தார்கள். அரிசி இல்லாத நாளில் இன்னொரு சகோதரனான மரவள்ளி நம்மைக் காப்பாற்றியது.

அறுந்த கயிறு

இந்த அறிவு ஏன் நம் தலைமுறைக்கு வந்து சேரவில்லை? 1948இல் அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று தோட்ட லயங்களையும் முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். அரிசிக்குப் பங்கீடு வந்தது. காட்டோரம் போவதே சந்தேகத்துக்கு இடமானது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. களைக்கொல்லி தெளித்த நிலத்தில் கீரை பறிக்க முடியுமா? அதைத் தெளித்தவர்களிலும் பலர் நம் பெண்கள்தாம். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு இந்நாட்டில் முழுத் தடை வந்தது 2020இல்தான். இதற்கிடையே நீலாய், சிரம்பான் பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் போனது. லயத்தோடு அந்த ஓடையோரமும் போனது.

நட்சத்திர உணவகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் காட்டுக் கொட்டைக்கும் கீரைக்கும் மேசையில் மரியாதை கிடைப்பது நல்லதுதான். வறுமையில் தின்றதை விருந்து என்று பொய்யாகப் புகழவும் நான் வரவில்லை. என் பாட்டி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்கிருக்கும் கவலை வேறு. அந்தப் பெயர்களும் பக்குவங்களும் பூர்வக்குடி மக்களிடமும் சில சமையல் வல்லுநர்களின் குறிப்பேட்டிலும் இருக்கும். நம்மிடம் இருந்தது மட்டும் நம் மூதாட்டிகளோடு மண்ணுக்குள் போய்விடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவரை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தக் கீரை, எந்த மாதம், எங்கே பறித்தீர்கள், எப்படிச் சமைத்தீர்கள், யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்த ஐந்து கேள்விகள் போதும். ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தில் பதில்களை எழுதி, தேதி போட்டு வையுங்கள். என் பாட்டியிடம் இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை. உங்கள் வீட்டில் இன்னும் நேரம் இருக்கலாம்.