மிளகாயின் மரபணுக்களை அறியத் துணைநின்ற வைரஸ்கள்

ஒரு மரபணுவின் பணியை அறிய அதன் செயலை நிறுத்திவிட்டுச் செடியில் எது குறைகிறது என்று நோக்குவது உயிரியலாளர் நெடுங்காலமாகக் கையாளும் முறையாகும். புகையிலையிலும் தக்காளியிலும் அயல் மரபணுவைப் புகுத்தி இதைச் செய்ய முடிந்தது. ஆனால் அவற்றின் குடும்பத்தையே சேர்ந்த மிளகாயில், மரபணு புகுத்திய திசுவிலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுப்பது மிகவும் கடினமாக இருந்ததால், வேறு வழி தேவைப்பட்டது.

அவ்வழிக்கான முதல் தடயம் 1928இல் அமெரிக்காவில் கிடைத்தது. வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலைச் செடிகளில் பின்னர்த் தளிர்த்த இலைகள் நோய்க்குறியின்றி இருப்பதையும், அவை மறுதொற்றை எதிர்ப்பதையும் விங்கார்ட் பதிவுசெய்தார். வைரஸ் பெருகும்போது தோன்றும் ஈரிழை ஆர்.என்.ஏ.வைச் செடி சிறு துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளோடு பொருந்தும் ஆர்.என்.ஏ. அனைத்தையும் அழிக்கிறது என்பது 1990களின் இறுதியில்தான் தெளிவாயிற்று. 1999இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஹாமில்டனும் பால்கோமும் அச்சிறு துண்டுகளைக் கண்டறிந்தனர். இதனால், செடியின் சொந்த மரபணுவில் ஒரு பகுதியை வைரஸில் பொருத்திச் செலுத்தினால், அம்மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வையும் செடியே அழித்துவிடும். 1995இலேயே குமகாய் குழுவினர், கரோட்டின் நிறமி உருவாக்கத்துக்கு வேண்டிய மரபணுவை இவ்வாறு ஒடுக்கிப் புகையிலை இனச் செடியொன்றின் இலைகளை வெளுக்கச் செய்திருந்தனர்.

மிளகாயில் இம்முறையைச் சீராகப் பயன்படுத்தும் வழியை 2004இல் தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்நிறமி மரபணுவின் பகுதி பொருத்திய டொபாக்கோ ராட்டில் வைரஸின் மரபுப்பொருளை அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியாவில் ஏற்றி இளஞ்செடிக்குள் செலுத்தியபோது, சில வாரங்களிலேயே இலைகள் வெளுத்தன. அடுத்த ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், காரத்துக்குக் காரணமான பன்1 மரபணுவை இம்முறையால் ஒடுக்கி, காப்சைசின் வகைப் பொருள்கள் குறைவதைக் காட்டினர். மிளகாயின் தாயகமான மெக்சிகோவில், மிளகாயையே தாக்கும் ஜெமினி வைரஸ் ஒன்று இத்தகைய ஆய்வுக் கருவியாக மாற்றப்பட்டது.

2014இல் மிளகாயின் முழு மரபணுத்தொகுதி வெளியாகி, ஏறத்தாழ 35,000 மரபணுக்கள் இனங்காணப்பட்டபின், அவற்றின் பணியை விரைந்து ஆராய்வதற்கு இம்முறை இன்றியமையாததாயிற்று. இம்முறை செடியின் டி.என்.ஏ.வை மாற்றுவதில்லை; ஒடுக்கமும் பெரும்பாலும் அச்செடியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இது புதிய ரகத்தை நேரடியாகத் தருவதன்று. எந்த மரபணு நோயெதிர்ப்பையும் காரத்தையும் தருகிறது என்று பயிர்ப்பெருக்க வல்லுநருக்கு உணர்த்தும் ஆய்வுமுறையாகும். உழவரின் பகையாகவே அறியப்பட்ட வைரஸ், மிளகாய் ஆய்வுக்கு ஆற்றிய தொண்டு அதுவே.