கடல் கடந்து செல்வோர்



திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், நிலாவெளிக்கு வடக்கே, களப்பும் கடலும் கூடுமிடத்தில் உள்ளது இறக்கக்கண்டி. தென்மேற்குப் பருவக்காற்றால் மேல்கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் இம்மாவட்டக் கரைகளுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். காற்று மாறியதும் ஊர் திரும்புவர். ஒரே நாட்டுக்குள் நிகழ்வதால் இவ்விடப்பெயர்வுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

நாட்டின் எல்லை குறுக்கிட்டால் யாது நேரும் என்பதை இத்தீவின் வரலாறே காட்டும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்தனர். வறட்சியும் கடனும் அவர்களைத் துரத்தின என்பர். அது பாதி உண்மையே. பஞ்சம் கண்ட ஊரார் அனைவரும் கடல் கடந்தாரில்லை. முன்பணத்தோடு ஆள் திரட்டக் கங்காணி வந்த ஊர்களிலிருந்தே பலர் புறப்பட்டனர். தொடக்கத்தில் அவர்களும் பருவந்தோறும் வந்து மீண்டவர்களே. கோப்பியை 1869 முதல் இலைநோய் அழிக்க, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் இங்கேயே வேரூன்றின.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என உடன்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை காத்திருந்தது. இந்நாட்டிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாதோர் ‘தாயகம் திரும்புவோர்’ என்று கப்பலேற்றப்பட்டனர்.

போர் இன்னொரு காரணம். 2006இல் அது மீண்டும் மூண்டபோது, திருகோணமலை மாவட்டத்து மக்கள் பலர் மன்னார் வழியே படகேறி, இராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமை அடைந்தனர். அவர்களை அழைக்க எந்த முகவரும் வரவில்லை.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் ஆள் தேடின. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பிறந்தது. பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாடு விட்டனர். ஐக்கிய நாடுகள் சபையின் 2024ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகில் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்வோர் ஏறக்குறைய 30 கோடி. அவர்கள் அனுப்பும் பணம் எத்தனையோ நாடுகளின் கருவூலத்தைத் தாங்குகிறது. நம் நாடும் அவற்றுள் ஒன்று. அந்தப் பணத்துக்காக அரசு எதை விட்டுக்கொடுக்கும் என்பதற்கு ஒரு சான்று சொல்வேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய், வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லலாகாது என 2013இல் விதி செய்யப்பட்டது. டொலர் வறண்ட 2022இல் அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தந்தையருக்கோ முன்பும் அவ்விதி இல்லை, பின்பும் இல்லை.